மேலே ஏறியதும் இன்ஜின் நின்றால்? ஓமலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தைச் சுற்றிச் சின்ன விமானங்கள் வட்டமடிக்க ஆரம்பித்த பிறகு, டீக்கடையில் உட்கார்ந்தால் எனக்கு நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடிவதில்லை. பல வருடம் விமானப் பயிற்சியாளராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் என்று தெரிந்ததும் கேள்விகள் வந்துவிடும். "அது மேலயே நின்னு போச்சுன்னா என்னங்க ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. தோட்டக்காரர்கள், பிள்ளையைப் பைலட் படிப்புக்கு அனுப்பிய பெற்றோர், படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். பேசுவது ஒற்றை இன்ஜின் உள்ள சிறிய விமானங்களைப் பற்றி மட்டும்.

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி கீழே விழுமா?

விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை. இன்ஜின் அதை முன்னால் இழுக்கிறது, அவ்வளவுதான். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பெடல் மிதிக்காமலே சைக்கிளில் இறங்கி அடிவாரம் வந்துவிடலாம் இல்லையா? உயரம் செலவாகிறது, வேகம் கிடைக்கிறது. இன்ஜின் நின்ற விமானமும் அப்படித்தான் உயரத்தைச் செலவழித்துப் பறக்கும். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172, ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னால் போகும். 1,000 அடி உயரத்தில் நின்றால் காற்றில்லாத நாளில் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் போகலாம். இதைத்தான் கிளைடு என்கிறோம்.

அப்படியென்றால் டேக்-ஆஃப் ஆன உடனே நின்றால் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

மேலே ஏறும்போது உயரம் குறைவு, வேகமும் குறைவு, மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. மூன்றும் கெட்ட நேரத்தில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. 500 அடியில் இன்ஜின் நின்றால் தரையைத் தொடுவதற்கு 40 விநாடிதான் இருக்கிறது. அதிலும் முதல் மூன்று நான்கு விநாடி "ஐயோ, இது நிஜமா?" என்பதிலேயே போய்விடும்.

மூக்கு மேலே பார்த்தபடி இழுவிசை போனால் வேகம் மளமளவென்று குறையும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் இறக்கைக்கு மேலே ஓடுகிற காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொள்ளும், இறக்கை தாங்குவதை விட்டுவிடும். இதன் பெயர் ஸ்டால். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த ஸ்டால்தான். இன்ஜின் நின்றது அதற்கு ஒரு தொடக்கம். அதனால் மாணவனுக்கு முதலில் பழக்குவது ஒரே ஒரு கை அசைவு: மூக்கை இறக்கு. தரை கிட்டத்தில் இருக்கும்போது தரையை நோக்கித் தள்ளுவதற்கு மனசு வராது. அதனால்தான் யோசிக்காமல் கை செய்கிற அளவுக்குப் பழக்குகிறோம்.

சேலம் வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. காமலாபுரம் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. சூடான காற்று நீர்த்துப் போன மோர் மாதிரி. இறக்கைக்கும் பிடிப்பில்லை, புரொப்பெல்லருக்கும் பிடிப்பில்லை, இன்ஜினுக்கும் மூச்சு முட்டும். 38 டிகிரி வெயிலில் அந்த ஓடுதளத்தை விமானம் உணர்வது ஏறத்தாழ 4,000 அடி உயர இடமாக. ஏற்காடு ஊர் 5,000 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆக சித்திரை மாத மதியத்தில் காமலாபுரத்திலேயே நின்றுகொண்டு முக்கால் ஏற்காடு ஏறிவிட்ட மாதிரி, குளிர் மட்டும் கிடையாது. ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். அதே 500 அடியை எட்டுவதற்குள் ஓடுதளத்தை விட்டு நெடுந்தூரம் போயிருப்பீர்கள். அடுத்த கேள்விக்கு இந்தத் தூரம் முக்கியம்.

ரன்வே பின்னாலேயே இருக்கிறதே, திரும்பி வந்து இறங்கிவிட்டால் என்ன?

எல்லோரும் கேட்பது இதுதான். நல்ல பைலட்டுகளே இந்த ஆசையில் உயிரை விட்டிருக்கிறார்கள்.

கணக்காகவே பார்ப்போம். காற்றில்லாத கோடை மதியம். விமானம் 450 மீட்டர் ஓடி மேலெழும்புகிறது. ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர், ஆக முன்னால் 1,350 மிச்சம். நிமிடத்துக்கு 500 அடிதான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 அடி எட்ட ஒரு நிமிடம். 75 நாட் (மணிக்குச் சுமார் 139 கிலோமீட்டர்) வேகத்தில் ஒரு நிமிடத்தில் 2.3 கிலோமீட்டர் போயிருக்கும். அதாவது ஓடுதள முனையைத் தாண்டி 900 மீட்டருக்கு மேல். அங்கே இன்ஜின் நிற்கிறது.

பின்னால் திரும்புவது என்றால் 180 டிகிரி திரும்பினால் போதும் என்று தோன்றும். போதாது. திரும்பி முடிக்கும்போது ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் 400 மீட்டர் தள்ளி இருப்பீர்கள். அதனால் இன்னும் கொஞ்சம் திரும்பி, ஓடுதளத்தை நோக்கி வந்து, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பி நேராக வேண்டும். எல்லாம் சேர்ந்து 240 டிகிரி. மிதமாக, 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் அதற்கே 25 விநாடி பிடிக்கும். திகைத்து நின்ற நான்கு விநாடியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 400 அடி காலி. மிச்சம் 100 அடி. அதை வைத்துக்கொண்டு 270 மீட்டர் போகலாம். ஓடுதளம் இருப்பது 900 மீட்டரில்.

அப்போது என்ன நடக்கும்? "எட்டாது போலிருக்கே" என்று மூக்கைக் கொஞ்சம் தூக்குவார்கள். சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று இன்னும் சாய்ப்பார்கள். 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் ஆகிற வேகம் 19 சதவீதம் கூடிவிடும், 60 டிகிரி என்றால் 41 சதவீதம். சாய்ந்தபடி ஸ்டால் ஆகிற விமானம் ஒரு இறக்கையைக் கீழே போட்டுச் சுழலும். 100 அடியில் அதிலிருந்து மீள இடமே கிடையாது. நேராகப் போய்க் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் இறங்கியிருந்தால் விமானம் நசுங்கியிருக்கும், ஆள் நடந்து வெளியே வந்திருப்பார்.

இன்னொன்று: எதிர்காற்றில் ஏறிய விமானம் திரும்பினால் அது முதுகுக்காற்று. அதே காற்று தரையில் இறங்கும் வேகத்தைக் கூட்டும்.

சரி, எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம்?

எல்லா விமானத்துக்கும், எல்லா நாளைக்கும் பொருந்துகிற ஒற்றை எண் இல்லை. குளிர்ந்த காலை, லேசான விமானம், நல்ல எதிர்காற்று என்றால் மேலே போட்ட கணக்கு மாறும். அதனால்தான் டேக்-ஆஃப்க்கு முன்பே, ஓடுதளத்தில் நிற்கும்போதே, அன்றைய எண்ணைப் பைலட் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஓடும்போதே நின்றால் பிரேக். மேலே எழும்பிய பிறகு இந்த உயரத்துக்குக் கீழே நின்றால் நேராக, இடமோ வலமோ 30 டிகிரிக்குள். அதற்கு மேலே என்றால் இந்தப் பக்கம் திருப்புவேன்." தினமும் சொல்லிச் சொல்லி இதை மந்திரம் மாதிரி முணுமுணுக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களை நிறுத்தி, "இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்பேன். பாதிப் பேர் அப்புறம்தான் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

காமலாபுரத்தில் நேராகப் போனால் எங்கே இறக்குவது? வீடும் கரண்டுக் கம்பியுமாகத்தானே இருக்கு?

மேலிருந்து பார்த்தால் நீங்கள் நினைப்பதைவிட இடம் இருக்கிறது. ஆனால் எந்தக் காடு என்பது முக்கியம். நிலக்கடலை பறித்த காடு, சோளம் அறுத்த மேட்டுக்காடு, உழாமல் கிடக்கும் தரிசு இவை நல்லவை. நெல் வயலில் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், விமானம் குப்புறக் கவிழலாம். வாலிப வயதுக் குச்சிக்கிழங்கு ஆள் உயரம் இருக்கும். ஆனால் தண்டு ஒடியும், வேகத்தை மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். கரும்பு அதைவிடத் தடிமன். தென்னந்தோப்பு வேண்டவே வேண்டாம்.

உழவுச்சால் இருந்தால் சாலோடு ஒட்டி இறங்க வேண்டும், குறுக்கே இறங்கக் கூடாது. வரப்பு முன்சக்கரத்தை முறித்துவிடும்.

நம் ஊருக்கென்றே ஓர் ஆபத்து உண்டு: கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய சதுரக் கிணறுகள். 300 அடியிலிருந்து பார்த்தால் ஒரு நிழல் மாதிரிதான் தெரியும், பக்கத்தில் ஒரு வேப்பமரமும் மோட்டார் ரூமும் இருந்தால் கிணறு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்தது மின்கம்பி. மேட்டூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து உயரழுத்தக் கம்பிகள் ஓடுகிற வட்டாரம் இது. கம்பி கண்ணில் படாது. டவரைப் பார், ஒரு டவருக்கும் அடுத்ததற்கும் நடுவே கம்பி இருக்கிறது என்று நம்பு. முடிந்தால் டவருக்கு நேர் மேலே தாண்டு, நடுவில் தாண்டாதே.

பெங்களூர் ரோட்டிலேயே இறக்கிவிடலாமே?

அகலமான சாலை அல்லவா என்று தோன்றும். நடுவில் தடுப்பு, ஓரத்தில் விளக்குக் கம்பம், தலைக்கு மேலே ஊர்ப்பெயர் பலகை, ஓமலூர் டோலில் வரிசை. அதிலும் லாரி டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் விமானத்தை எதிர்பார்க்க மாட்டார். தன் உயிருக்காக ரோட்டில் போகிற குடும்பத்தை அபாயத்தில் தள்ள எனக்கு மனசில்லை. காலியான சாலை, வேறு வழியே இல்லை என்றால் அப்போது பார்க்கலாம்.

அந்த 40 விநாடியில் பைலட் என்னதான் செய்வார்?

வேகத்தைப் பிடிப்பார், இடத்தைப் பார்ப்பார், மிச்சம் நேரம் இருந்தால் மற்றதெல்லாம். செஸ்னா 172-இன் கையேடு சொல்லும் வரிசை இது: கிளைடு வேகம், மாடலைப் பொறுத்து 65 முதல் 70 நாட். மிக்சர் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் குமிழ்) பின்னால் இழுத்து இன்ஜினுக்குப் பெட்ரோல் நிறுத்தம். ஃப்யூல் வால்வு மூடல். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே இன்ஜினுக்குப் பொறி தரும் கருவி) சாவி ஆஃப். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) தேவைக்கு. கடைசியாக, மொத்தக் கரண்டையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைப்பது.

ஓடாத இன்ஜினை ஏன் அணைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். மோதினால் தீப்பிடிக்கக் கூடாதே, அதற்கு. மாஸ்டர் ஏன் கடைசியில்? ஃப்ளாப் இறங்குவது கரண்ட்டில். மாஸ்டரை முதலில் அணைத்துவிட்டு ஃப்ளாப் நெம்புகோலை இழுத்துக்கொண்டே இருந்த ஒருவனை சிமுலேட்டரில் பார்த்திருக்கிறேன். கதவு? மோதும்போது சட்டம் வளைந்தால் பூட்டிய கதவு திறக்காது.

ரேடியோவில் "மேடே" என்று அபாய அழைப்பு சொல்வது நல்லது. ஆனால் நேரம் மிச்சம் இருந்தால்தான், அதுவும் மாஸ்டரை அணைப்பதற்கு முன்.

இன்ஜின் ஏன் நிற்கிறது?

இன்ஜின் உடைந்து நிற்பது குறைவு. பட்டினி போட்டு நிற்கவைப்பது அதிகம். பெட்ரோல் தீர்ந்தது, தீராத டேங்கைத் திறக்காதது, டேங்க் காற்றுக்குழாயில் குளவி கூடு கட்டியது, பெட்ரோலில் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விடியற்காலையில் இறக்கைக்கு அடியில் குந்தி, ஒரு சிறு பிளாஸ்டிக் கோப்பையின் முள்ளால் டேங்கின் வடிகாலைக் குத்துவோம். இந்த விமானங்களுக்குப் போடும் 100 எல்.எல். ரகப் பெட்ரோல் நீல நிறம். கோப்பையை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் இளநீலம், சில நாள் அடியில் ஒரு குமிழி. கோப்பையை லேசாகச் சாய்த்தால் அந்தக் குமிழி பாதரசம் மாதிரி உருளும். அதுதான் தண்ணீர். பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும். மழை பெய்த ராத்திரிக்கு மறுநாள் மூடியின் ரப்பர் பழசானால் கட்டாயம் இருக்கும். கோப்பை முழுக்கத் தண்ணீராகவே வந்தால்? குமிழி தனியாகத் தெரியாததால் சுத்தமான பெட்ரோல் என்று ஏமாந்தவர்களும் உண்டு. முகர்ந்து பார், ஒரு சொட்டைக் கையில் விடு. பெட்ரோல் என்றால் சில்லென்று ஆவியாகிவிடும்.

உங்களுக்கு நேர்ந்திருக்கிறதா?

ஒரு முறை. தமிழ்நாட்டின் வேறொரு மூலையில், நான் பயிற்சி பெற்ற காலத்தில். இடது டேங்கை வடித்துவிட்டேன். அப்போது ஏதோ பதிவேட்டில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, இரண்டையும் பார்த்த நினைப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது. ஏறத்தாழ 300 அடியில் இன்ஜின் ஒரு தடவை இருமியது. பிறகு பாதி பலத்தில் தடதடவென்று ஓடியது.

முழுசாக நிற்பதைவிட இது மோசம். நின்றால் முடிவெடுத்துவிடுவோம். பாதி ஓடினால் ஆசை காட்டும்; "இதோ இன்னும் கொஞ்சம், சுற்றி வந்துவிடலாம்" என்று மனசு சொல்லும். நான் இடது பக்கம் சாய்க்கத் தொடங்கியிருந்தேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் குரலை உயர்த்தவில்லை. "நேரா பாருப்பா, கேழ்வரகு அறுத்த காடு இருக்கு" என்றார். அறுத்த தாளில் இறங்கினோம், கடைசி வரப்பில் முன்சக்கரம் மடங்கியது. வேறு சேதம் இல்லை. தோட்டக்காரர் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாளன்னிக்கு உழவுக்கு ட்ராக்டர் வருது. அதுக்குள்ள எடுத்துருவீங்களா?"

சேலம் வெயிலில் ஐஸ் கட்டி இன்ஜின் நிற்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம், கார்புரேட்டர் உள்ள இன்ஜினில். டீக்கடையில் அடுப்பு ஜோராக எரியும்போது கேஸ் சிலிண்டர் அடிப்பக்கம் வியர்த்துக் குளிர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகிறது, கூடவே காற்றழுத்தமும் குறைகிறது. உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கலாம். ஐப்பசி மழைக்காலத்து ஈரக் காலை என்றால் வெளியே 24 டிகிரி இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி. மெதுவாக ஓடவிட்டு வரிசையில் ரொம்ப நேரம் நிற்பதுதான் வம்பு. அதனால் புறப்படும் முன் கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழ்) இழுத்துப் பார்க்க வேண்டும். 172-இன் புதிய ரகங்களில் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் கார்புரேட்டரே கிடையாது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரி செத்தால் இன்ஜின் நிற்குமா?

நிற்காது. பழைய டி.வி.எஸ். 50 பேட்டரி தயவில்லாமல் மேக்னெட்டோவில் ஓடியது போலத்தான். இங்கே மேக்னெட்டோ இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் பிளக்கும் இரண்டு.

ஏற்காட்டு மலை மேலே பறக்கும்போது நின்றால்?

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி. ஏற்காடு, விமான நிலையத்துக்குக் கிழக்கே வான்வழியில் சுமார் 15 கிலோமீட்டர். 6,500 அடியில் பறந்தால் ஓடுதளத்துக்கு மேலே 5,500 அடி கையிருப்பு; ஒன்பதால் பெருக்கினால் 15 கிலோமீட்டர்தான் வரும். எதிர்காற்று அடித்தாலோ, மலைச் சரிவில் காற்று கீழே அழுத்தினாலோ எட்டாது. ஆக அங்கே போவதானால் இன்னும் உயரமாகப் போ, மேற்குச் சரிவை ஒட்டியே போ. காப்பித் தோட்டத்தில்தான் இறங்க வேண்டும் என்றாகிவிட்டால் சரிவின் ஏற்றத்தை நோக்கி, சில்வர் ஓக் உச்சிகளையே தரையாக நினைத்து, குறைந்த வேகத்தில் உட்காரவைக்க வேண்டும். பனிமூட்டத்தில் இதெல்லாம் பேச்சுக்குத்தான். மலை மூடியிருந்தால் அந்தப் பக்கம் போகாதே.

அகமதாபாத்தில் நடந்தது மாதிரிதானா இது?

இல்லை. 2025 ஜூன் 12 அன்று விழுந்தது போயிங் 787, பெரிய பயணிகள் விமானம். இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் பலமிழந்தன. நாம் பேசுவது நான்கு பேர் உட்காரும் விமானம், தரையைத் தொடும் வேகமும் எடையும் வேறு. வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால் பங்காகும். சின்ன விமானத்தில் பிழைக்க வழி அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

என் மகளைச் சேர்க்கலாமா? எதைப் பார்த்துச் சேர்ப்பது?

கட்டட அழகைப் பார்க்காதீர்கள். காலை ஆறரைக்குப் போய், விமானத்தைச் சோதிக்கிற மாணவர்களைத் தூரத்திலிருந்து பாருங்கள். கோப்பையைத் தூக்கிப் பார்க்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? இன்ஜின் நிற்பதுபோல நடித்துக்காட்டும் பயிற்சியை மாதத்துக்கு எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் சொல்லிக் கொடுத்துருவோம்மா" என்று பதில் வந்தால் இன்னொரு இடம் பாருங்கள்.

எங்க தோட்டத்துல ஒண்ணு இறங்கிட்டா நாங்க என்ன செய்யணும்?

108-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கிட்டே வேண்டாம். இறக்கைக்குள் பெட்ரோல் இருக்கிறது. புரொப்பெல்லரைத் தொடாதீர்கள். நின்றிருந்தாலும் கையால் நகர்த்தினால் மேக்னெட்டோ பொறி தட்டி ஒரு சுற்றுச் சுற்றும், கை போய்விடும். உள்ளே இருப்பவருக்கு நினைவிருந்து, தீ இல்லை என்றால் கழுத்தைத் திருப்பி இழுக்க வேண்டாம், ஆம்புலன்ஸ் வரட்டும். தீ தெரிந்தால் மட்டும் எப்படியாவது வெளியே இழுங்கள். பெல்ட்டின் உலோக மூடியைத் தூக்கினால் அவிழும். விமானத்தின் உடம்பில் ராக்கெட் எச்சரிக்கை முக்கோணம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் நிற்காதீர்கள். சில விமானங்களில் முழு விமானத்தையும் தாங்குகிற பாராசூட்டைச் சுடுகிற சிறு ராக்கெட் உள்ளே இருக்கும்.

அப்புறம் ட்ராக்டர்ல கட்டி ரோட்டுக்கு இழுத்துடலாமா?

கூடாது. விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அனுமதி வரும்வரை ஒரு போல்ட்டைக்கூட நகர்த்தக் கூடாது, உள்ளே சிக்கிய ஆளை எடுப்பதற்குத் தவிர. ஃப்யூல் வால்வு எந்த நிலையில் இருந்தது, மிக்சர் எங்கே இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குச் சாட்சி. அவர்கள் பார்த்து முடித்த பிறகு மெக்கானிக்குகள் வந்து இரண்டு இறக்கைகளையும் கழற்றி லாரியில் ஏற்றுவார்கள். லாரி உள்ளே வர வாய்க்கால் மேட்டை வெட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு அகலம் வெட்டுவது, யார் மூடித் தருவது என்பதை மண்வெட்டி படுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.